பேயின் முகத்தைப் போஸ்டரில் போடலாமா?

கேள்வி இது: சிங்கப்பூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து 40 நிமிடத் தமிழ்ப் பேய்ப்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறார்கள். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றின் மின்தூக்கியைச் சுற்றிய கதை. 120 இருக்கை அரங்கை வாடகைக்கு எடுத்து, ஆவிகள் உலவும் என்று நம்பப்படும் சீனர்களின் ஏழாம் மாதத்தில் இரண்டு காட்சி போடப்போகிறார்கள். விளம்பரத்துக்குக் கையில் இருப்பது 1,000 வெள்ளி. பேயைப் போஸ்டரிலும் டிரெய்லரிலும் காட்டலாமா, 'உண்மைச் சம்பவம்' என்று போடலாமா, தெரிந்த முகம் ஒன்றைக் கௌரவ வேடத்தில் சேர்த்து அதை வைத்து விற்கலாமா என்று கேட்கிறார்கள்.

முதல் இரண்டும் வேண்டாம். மூன்றாவதுக்கு, அந்த முகத்தைக் கதை என்ன செய்யப்போகிறது என்று பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் சறுக்குவது அங்கேதான்.

பேய்ப்படத்தில் பெரிய நடிகர் வந்தவுடன் பார்ப்பவருக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிடுகிறது: இவர் சாகமாட்டார். அந்த நம்பிக்கை வந்த இடத்தில் பயம் பாதி போய்விடும். 1960இல் 'சைக்கோ' படத்துக்கு ஹிட்ச்காக் செய்ததைப் பாருங்கள். படத்தில் அன்று எல்லோருக்கும் தெரிந்த முகம் ஜேனட் லீ. பாதிப் படம் முடிவதற்குள் அவர் கொல்லப்படுகிறார். படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று திரையரங்குகளுக்கு ஹிட்ச்காக் கண்டிப்பாகச் சொன்னதற்கு இதுதான் காரணம். தாமதமாக வந்தவர், செத்துப்போன நடிகை எப்போது வருவார் என்று காத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அந்தக் கண்டிப்பே விளம்பரமாகவும் ஆனது. டிரெய்லர் ஆறு நிமிடத்துக்கும் மேல். அதில் ஹிட்ச்காக் விடுதியையும் வீட்டையும் சுற்றிக் காட்டிக்கொண்டே போய், கடைசியில் குளியலறைத் திரையை விலக்குகிறார். அலறுவது ஜேனட் லீ இல்லை, அதே படத்தில் நடித்த வேரா மைல்ஸ். நடிகையின் முகத்தைக்கூட மாற்றி வைத்துக் காட்டினார் மனிதர்.

தமிழில் இதே கணக்கு வேறு விதமாக வேலை செய்திருக்கிறது. 2012இல் 'பீட்சா' வந்தபோது விஜய் சேதுபதி நட்சத்திரம் இல்லை. பங்களாவுக்குள் மாட்டிக்கொண்ட அந்தப் பையனுக்கு எதுவும் நடக்கலாம் என்று அரங்கம் நம்பியது. இன்று அதே படம் அதே நடிகரோடு வந்தால் அந்தப் பதற்றம் வராது. 2009இல் 'யாவரும் நலம்' மாதவனை வைத்து எடுத்த படம். தெரிந்த முகம்தான், ஆனால் மின்தூக்கி அவருக்கு மட்டும் வேலை செய்ய மறுக்கிறது. அவருடைய பிரபலம் அங்கே எதற்கும் உதவவில்லை. நட்சத்திரத்தைப் பேய்ப்படத்தில் பயன்படுத்தச் சரியான வழி இதுதான் என்பேன்: அவருடைய பலம் செல்லாத இடத்தில் அவரை நிறுத்துவது. 2005இல் 'சந்திரமுகி'க்குக் கூட்டம் வந்தது ரஜினிக்காக. பயத்தைத் தோளில் சுமந்தவர் ஜோதிகா. விற்கும் முகமும் பயமுறுத்தும் முகமும் வேறு வேறாக இருந்தது அந்தப் படத்தின் பெரிய வசதி.

2024இல் 'லாங்லெக்ஸ்' படக்குழு இன்னும் ஒரு படி மேலே போனது. நிக்கோலஸ் கேஜின் பெயரைச் சொன்னார்கள், முகத்தை வெளியீடு வரை விளம்பரத்தில் காட்டவில்லை. அரங்கினுள் போனால்தான் பார்க்கலாம். நடிகரையே பேயைப் போல மறைத்து வைத்துவிட்டார்கள்.

ஆகவே உங்களுக்குத் தெரிந்த தொலைக்காட்சி முகமோ வானொலிப் படைப்பாளரோ கிடைத்தால், அவரைக் காப்பாற்றுபவராகப் போடாதீர்கள். முதல் பத்து நிமிடத்தில் மின்தூக்கிக்குள் போய்த் திரும்பி வராதவராகப் போடுங்கள். போஸ்டரில் பெயர் மட்டும் போதும். அப்படிப் போட முடியாவிட்டால் அவர் இல்லாமலே விடுங்கள்.

அடுத்தது 'உண்மைச் சம்பவம்'. இந்த ஆசைக்கு மூலம் 1999இல் வந்த 'த பிளேர் விட்ச் புராஜெக்ட்'. சில பத்தாயிரம் டாலரில் எடுத்த படம், உலகமெங்கும் கிட்டத்தட்ட 248 மில்லியன் வசூலித்தது. காணாமல்போனவர்கள் என்று துண்டறிக்கை ஒட்டினார்கள், வலைத்தளத்தில் போலி விசாரணைக் குறிப்புகளை வைத்தார்கள், நடிகர்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். நம்பியவர்கள் நடிகையின் தாயாருக்கு இரங்கல் அட்டைகூட அனுப்பினார்கள். அன்று இணையத்தில் ஒன்றைச் சரிபார்க்க நேரம் பிடித்தது. இன்று உங்கள் நடிகரின் இன்ஸ்டகிராமில் நேற்று சாப்பிட்ட பிரியாணி இருக்கும். நம்ப வைக்க முடியாத பொய் வெறும் எரிச்சலைத்தான் கொடுக்கும்.

அதோடு இது சிங்கப்பூர். அனுமதி இல்லாமல் பொதுச் சொத்தில் சுவரொட்டி ஒட்டுவது இங்கே நாசவேலைச் சட்டத்தின்கீழ் குற்றம். 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று ஆண்டு வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. மின்தூக்கிக் கதவில் ஒட்டினால் நன்றாக இருக்குமே என்று கண்டிப்பாகத் தோன்றும், செய்யாதீர்கள். 'காணவில்லை' துண்டறிக்கையைப் பார்த்து யாராவது போலீஸுக்கு 999இல் அழைத்தால் அது விளையாட்டாக முடியாது. 2010இல் உலு பாண்டானில் கரடி திரிகிறது என்று ஒரு காணொளி பரவியது. அதிகாரிகள் நிஜமாகவே தேடினார்கள். பிறகுதான் அது முகச்சவரக் கருவி விளம்பரத்துக்காகக் கரடி வேடம் போட்டு எடுத்தது என்று தெரிந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

நிகழ்வு உண்மை என்று சொல்லாமல், இடத்தை உண்மையாக வைத்துக்கொள்ளலாம். 2015இல் வந்த 'டிமான்ட்டி காலனி'யின் பெயரே சென்னை ஆழ்வார்பேட்டையில் இருக்கும் தெரு. இங்கே 2010இல் 'ஹான்டட் சாங்கி' பழைய சாங்கி மருத்துவமனையை எடுத்துக்கொண்டது. 1997இல் காலியான அந்தக் கட்டடத்தைப் பற்றி நம் ஊரில் கதை கேட்காத தேசிய சேவையாளர் உண்டா? இன்னும் பின்னால் போனால் 1957 ஏப்ரலில் கேத்தே திரையரங்கில் வெளியான 'பொந்தியானாக்'. மரியா மெனாடோ நடித்த அந்த மலாய்ப் படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஒவ்வொரு பிள்ளையும் பாட்டியிடம் கேட்டிருந்த பெண்பேய்க் கதை, அதனால் பெயரைச் சொன்னதே போதுமானதாக இருந்தது. படச்சுருள் இன்று கிடைக்கவில்லை என்பது இந்த ஊர் சினிமாவுக்குப் பெரிய இழப்பு.

பார்ப்பவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத் தொட்டால் விளம்பரத்தின் பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் படத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. பழைய புளோக்குகளில் முன்பு மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. 1, 5, 9 என்று விட்டு விட்டுத்தான் நிற்கும், மற்ற மாடிக்காரர்கள் படியேறவோ இறங்கவோ வேண்டும். 2001க்குப் பிறகு மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்துதான் இது மாறியது. முப்பது வயதைத் தாண்டிய யாருக்கும் அந்தப் பொத்தான் பலகை ஞாபகம் இருக்கும். போஸ்டரில் அந்தப் பலகையை மட்டும் வையுங்கள். தேய்ந்த எஃகு, சிகரெட் சுட்ட தடம், 1, 5, 9. இடையில் எண் இல்லாத பொத்தான் ஒன்று, அது மட்டும் எரிகிறது. கீழே ஒரே வரி: 'இந்த மின்தூக்கி 7ஆம் மாடியில் நிற்காது.' பேயே இல்லை. ஏழாம் மாதத்தோடு அந்த எண் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

அச்சுக்குப் போகும்போது கவனம். பேய்ப்பட போஸ்டர் பெரும்பாலும் கறுப்பு. கறுப்பு மையை மட்டும் 100 சதவீதம் வைத்தால் பெரிய பரப்பில் சாம்பல் பூத்துத் தெரியும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று கலந்தால் ஆழமான கறுப்பு வரும். பளபளப்புத் தாளுக்கு இது சரி. அதே கோப்பைச் செய்தித்தாளுக்கு அனுப்பாதீர்கள். இந்தக் கலவையின் மொத்த மை 240 சதவீதம், அங்கே அதைவிடக் குறைவாக வைக்க வேண்டும், இல்லையென்றால் மை ஊறிப் பொத்தான் பலகையே சேறாகிவிடும். சிறு எழுத்தைக் கலவைக் கறுப்பில் வைக்காதீர்கள், ஒரு நிறம் இம்மி விலகினாலும் 'ழ'வின் வால் இரட்டையாகத் தெரியும். தணிக்கை வகைப்பாட்டுச் சின்னத்துக்கு முதலிலேயே இடம் விட்டு வையுங்கள், பிறகு திணித்தால் வடிவமைப்பு கெடும்.

வகைப்பாடு என்றதும் ஒன்று. பொதுத் திரையிடலுக்குத் தகவல் தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வகைப்பாடு வேண்டும். பிஜி13 என்றால் பெற்றோருக்கு ஆலோசனை மட்டும். என்சி16 என்றால் 16 வயதுக்குக் கீழே யாரும் உள்ளே வர முடியாது. தமிழ்க் குடும்பம் பேய்ப்படத்துக்கு நாலு பேராக வரும், அதில் ஒருவராவது பள்ளிப்பிள்ளை. காயத்தைக் கிட்டத்தில் நாலு நொடி காட்டும் ஒரே ஒரு ஷாட்டுக்காக அந்த நாலு டிக்கெட்டையும் இழக்கிறீர்களா என்று சமர்ப்பிப்பதற்கு முன்பே முடிவெடுங்கள். தமிழ்நாட்டில் பேயும் காமெடியும் ஒட்டிப் பிறந்ததுபோல ஆனதற்கும் இத்தகைய கணக்கு ஒரு காரணம். 2011 முதல் 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை கேளிக்கை வரிவிலக்குக்கு 'யு' சான்றிதழ் தேவைப்பட்டது. 'ஏ' வாங்கிய படத்தைத் தொலைக்காட்சிக்கு அப்படியே விற்கவும் முடியாது. நான் காமெடி கலந்த பேய்ப்படங்களின் எதிரி அல்ல, ஆனால் டிரெய்லரில் பாதி சிரிப்பும் பாதி அலறலும் வைத்தால் எதற்காக வர வேண்டும் என்று பார்ப்பவருக்கே புரியாமல் போகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது டிரெய்லர். 60 நொடி போதும். படத்தின் முதல் 15 நிமிடத்துக்கு வெளியே எந்த ஷாட்டையும் எடுக்காதீர்கள். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே 'டிரெய்லரிலேயே எல்லாம் பார்த்தாச்சு' என்ற புகார் வராது. பயமுறுத்தும் இடத்துக்கு ஒரு நொடி முன்பே வெட்டிவிடுங்கள். கதவு திறக்கத் தொடங்குகிறது, தலைப்பு. அவ்வளவுதான்.

ஒலியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்கத் திரையரங்கு டிரெய்லர்களுக்கு 85 டெசிபல் என்று ஒரு ஒலி வரம்பு உண்டு. அது சராசரிக்கு வைத்த வரம்பு, உச்சத்துக்கு அல்ல. பேய்ப்பட டிரெய்லர்களில் அவ்வளவு மௌனம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அமைதியாக விட்ட நொடிகள் சராசரியைக் கீழே இழுக்கும், அந்த மிச்சத்தைக் கடைசி 'டமா'ருக்குச் செலவழிக்கலாம். உங்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது, ஆனால் காதுக்கு அதே நியாயம்தான். சத்தத்துக்கு முன் ஒன்றரை நொடியாவது இசையே இல்லாமல் விடுங்கள். மின்தூக்கியின் மின்விசிறி ஓசை மட்டும் இருக்கட்டும், பிறகு அதுவும் நிற்கட்டும்.

உங்கள் டிரெய்லரைப் பெரும்பாலோர் பார்க்கப்போவது எம்ஆர்டி ரயிலில், கைப்பேசியில். கைப்பேசி ஒலிபெருக்கியில் ஆழமான தாழ்சுருதி வராது. அரங்கில் வயிற்றைப் பிசையும் 40 ஹெர்ட்ஸ் உறுமல் அங்கே வெறும் மௌனம். ஆகவே பயத்தைத் தாழ்சுருதியில் மட்டும் வைக்காதீர்கள். கம்பி உரசுவது, நகம் எஃகில் கீறுவது, மின்தூக்கி மணி பாதி சுருதி இறங்கி ஒலிப்பது போன்றவை சின்ன ஒலிபெருக்கியிலும் கேட்கும். ஒலியே போடாமல் பார்ப்பவர்களும் நிறைய, அவர்களுக்காக வசனத்தைத் திரையில் எழுதுங்கள்.

படத்தின் இருட்டுக்கும் இதே கதி. அரங்குக்காக நிறம் திருத்திய காட்சி, வெயில் அடிக்கும் ரயில் பெட்டியில் கறுப்புச் செவ்வகமாகத் தெரியும். இணையத்தில் ஏற்றும்போது கோப்பு சுருக்கப்படுவதால் இருட்டான பகுதிகள் கட்டம் கட்டமாக உடையும், பேய் நிற்கும் மூலையில் பேய்க்குப் பதிலாகச் சதுரங்கள் தெரியும். கைப்பேசிக்கென்று தனியாக ஒரு நிறத்திருத்தம் செய்யுங்கள். நிழலைக் கொஞ்சம் தூக்குங்கள், ஒவ்வொரு ஷாட்டிலும் ஒளி தரும் பொருள் ஒன்று சட்டகத்துக்குள் இருக்கட்டும், எரியும் பொத்தான் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பழைய படச்சுருளில் தெரிவதுபோலச் சன்னமான தூசிப்புள்ளிகளைச் சேர்த்தால் கட்டங்கள் ஓரளவு மறையும். சோதிக்கும்போது நல்ல திரையில் பார்க்காதீர்கள். மலிவான கைப்பேசியில், வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே நின்று பாருங்கள். அங்கே புரிந்தால் எங்கேயும் புரியும்.

திடீரென்று கத்தி அலறவைக்கும் ஆறு நொடி விளம்பரம் வேண்டாம். 2018இல் 'த நன்' படத்துக்கு அப்படி ஒன்று யூடியூபில் வந்தது. ஒலியளவுச் சின்னம் குறைவதுபோலக் காட்டிவிட்டுப் பேயின் முகத்தை எறிந்தார்கள். புகார் குவிந்து யூடியூபே அதை நீக்கியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அது கூடுதல் விளம்பரம், உங்களுக்கோ கணக்கு முடக்கம். பயப்படச் சம்மதித்து வருபவரைத்தான் பயமுறுத்த வேண்டும்.

செலவில்லாமல் அதிகம் வேலை செய்வது பார்வையாளர் முகம். 2009இல் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' இருட்டில் படம் பார்த்துத் துள்ளும் மக்களை இரவுக் காட்சியில் படம்பிடித்து டிரெய்லரில் போட்டது. 15,000 டாலர் அளவில் எடுத்த படம், 190 மில்லியனைத் தாண்டியது. நீங்கள் செய்ய வேண்டியது: இரண்டு வாரம் முன்பு 12 முதல் 15 பேருக்கு ஒரு சோதனைக் காட்சி. கதை தெரிந்த நண்பர்கள் வேண்டாம், அவர்கள் நடிப்பார்கள், அது அப்பட்டமாகத் தெரியும். எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். கேமராவைத் திரைக்குக் கீழே ஓரமாக வைத்து அகச்சிவப்பு விளக்கோடு பதிவு செய்யுங்கள், சிவப்புப் புள்ளி கண்ணில் படாமல் கறுப்பு நாடா ஒட்டுங்கள். அலறலுக்குப் பிறகு எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். தொகுப்பாளர் அதை வெட்டப் பார்ப்பார், விடாதீர்கள். 'சேர்ந்து போனால் ஜாலியாக இருக்கும்' என்று குடும்பத்துக்குச் சொல்வது அந்தச் சிரிப்புதான்.

அந்தச் சோதனைக் காட்சியில் தமிழ் தெரியாத இருவரையாவது உட்கார வையுங்கள். ஆங்கிலத் துணைவரிகள் இருந்தால் உங்கள் 240 இருக்கைக்கு வரக்கூடியவர்கள் பல மடங்கு ஆவார்கள். ஆனால் துணைவரி பேய்ப்படத்தைக் கொல்லவும் செய்யும். நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே 'யார் நீ?' என்று கீழே வந்துவிட்டால் பயம் போயிற்று. பதறவைக்கும் வசனங்களில் மட்டும் துணைவரியை ஐந்து ஃபிரேம் தாமதித்து விடுங்கள்.

பணம்: 400 வெள்ளி கடைசி பத்து நாளில் 15 நொடிச் செங்குத்துக் காணொளிகள் மூன்றுக்கு. அதை ஒரே நாளில் கொட்டாமல், முதல் மூன்று நாளில் மூன்றையும் சமமாக ஓடவிட்டு, அதிகம் பேர் முழுதாகப் பார்த்த ஒன்றுக்கு மிச்சத்தைப் போடுங்கள். 200 அச்சுக்கு. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கடைக்காரர்களிடம் கேட்டு அனுமதியோடு வையுங்கள், சமூக மன்ற அறிவிப்புப் பலகைக்கும் கேட்டுப் பாருங்கள். 150 அரங்க முகப்பில் மின்தூக்கிக் கதவு போன்ற அட்டைச் சட்டத்துக்கு, வருபவர்கள் நின்று படம் எடுத்துப் பகிர்வார்கள். மீதி 250 கைவசம் இருக்கட்டும், இரண்டாம் காட்சிக்கு டிக்கெட் தேங்கினால் உதவும். தமிழ் முரசு நாளிதழ், ஒலி 96.8 வானொலி இரண்டுக்கும் மூன்று வாரம் முன்பே ஒரு படமும் பத்து வரிக் குறிப்பும் அனுப்புங்கள். கதைச் சுருக்கத்தில் முடிவை எழுதாதீர்கள், அப்படியே அச்சாகிவிடும்.

ஏழாம் மாதம் நல்ல தேர்வுதான், ஆனால் அது நம் அண்டை வீட்டாரின் முன்னோர் வழிபாடு. படையல், எரியும் தாள், கெத்தாய் மேடை நிகழ்ச்சியில் ஆவிகளுக்காகக் காலியாக விடும் முன்வரிசை, இவற்றை விளம்பரப் படத்துக்குப் பின்னணியாக்காதீர்கள். கேலி என்று ஒருவர் எடுத்துக்கொண்டாலும் படத்தின் பெயர் அதோடு போய்விடும்.

கடைசியாக வாசல். நம்மவர்கள் பத்து நிமிடம் தாமதமாக வருவார்கள், 40 நிமிடப் படத்தில் அது கால்வாசி. டிக்கெட்டிலேயே 'காட்சி 7.30, கதவு 7.40க்கு மூடப்படும்' என்று அச்சிட்டு, 7.42க்குப் படத்தைப் போடுங்கள். வாசலில் இருவர் நிற்கட்டும், கையில் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச். முதல் பத்து நிமிடத்தில் மின்தூக்கிக்குள் போகும் அந்தத் தெரிந்த முகத்தை ஒருவர்கூடத் தவறவிடக்கூடாது.